ஒரு கட்டைவிரல் ஆழம்

“என் கண்ணுல பட்ட செடி மண்ணுல தங்கினதா சரித்திரமே கிடையாது. வேணும்னா எழுதி வச்சுக்கோங்க!”

குனிஞ்சக்கா இதைச் சொன்னது வேர் கொள்முதல் கொட்டகையில், தோளிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டே. யாராவது நிஜமாகவே எழுதிவைப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எடைக்காரர் வாடிக்கையாளர் சொல்லைத் தட்டாத மனிதர். தராசுக்குப் பின்னால் இருந்த சுவரில் கரித்துண்டால், ஆச்சரியக்குறி உட்பட எழுதிவைத்துவிட்டார். அதன் பிறகு அந்தச் சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. இரண்டு முறையும் சுண்ணாம்பு காய்ந்ததும் எடைக்காரர் முதல் வேலையாக அதை மறுபடி எழுதினார். அரசாங்க உத்தரவு எதற்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

அவருக்குக் குனிஞ்சக்கா என்று பெயர் வந்த காரணத்துக்கு ஆராய்ச்சி தேவையில்லை. முப்பது வருடமாகக் காட்டுச் சரிவில் செடி தேடியதில் கழுத்து முன்பக்கம் வளைந்து, பார்வை எப்போதும் பாதத்துக்கு ஆறடி முன்னால் தரையில் விழும்படி நிலைத்துவிட்டது. கடைத்தெருவிலும் அப்படித்தான் நடப்பார். பேருந்துக்குக் காத்திருக்கும்போது நடைபாதைக் கல்லிடுக்கில் முளைத்த புல்லை நலம் விசாரித்துக்கொண்டிருப்பார். மனிதர்களை அவர் அடையாளம் காண்பது செருப்பை வைத்து. முகம் என்பது, அவரைப் பொறுத்தவரை, செருப்புக்கு மேலே வெகுதூரத்தில் இருக்கும் ஒரு சமாசாரம். அவசியப்பட்டால் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். தபால்காரர் புதுச் செருப்பு வாங்கிய வாரம் ஒரு பதிவுத் தபாலோடு வாசலில் வந்து நின்றார். குனிஞ்சக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

“நீங்க யாருன்னே தெரியாது. எங்க தபால்காரரை அனுப்புங்க.”

“அக்கா, நான்தான்க்கா. பதினாலு வருஷமா வர்றேன்.”

“குரலை யார் வேணும்னாலும் மாத்திப் பேசலாம்.”

அவருடைய கணவர் தையல்காரர். கீழே கடை, மேலே வீடு. ஒல்லியான மனிதர், அதைவிட ஒல்லியான விரல்கள், கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. குளிக்கும்போது மட்டும் கழற்றுவதாகக் கேள்வி. சட்டைகள் தொங்கும் அதே கம்பியில்தான் மனைவி கொண்டுவரும் வேர்களும் கொக்கி மாட்டி உலரும். ஆகவே அந்தக் கடையில் தைத்த எந்தச் சட்டையைப் போட்டாலும் ஒரு மாதத்துக்குக் கசப்பு வாடை போகாது. புகார் சொன்னால், “பூச்சி அரிக்காது சார். அதுக்கு நான் தனியா ஒண்ணும் வாங்கறதில்லையே?” என்பார். என் சட்டைகளும் அங்கேதான் தைக்கப்படுகின்றன. அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் அல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த வேருக்குச் சொந்தமான செடியைத் தோண்டுபவர்கள் கைச்செடி என்கிறார்கள். பெருமரங்களின் நிழலில், அந்த மலைச்சரிவுகளில் மட்டும் வளர்வது. தோட்டத்தில் கொண்டுபோய் நட்டுப் பார்த்தவர்கள் உண்டு. செடி ஒரு வருடம் மரியாதைக்காக நிற்கும், மறு வருடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். முளைத்ததும் ஒரே ஒரு காம்பு, அதன் நுனியில் விரித்த உள்ளங்கை மாதிரி இலை. அப்போது அதன் பெயர் ஒருகை. சில வருடங்களுக்கு ஒருமுறை இன்னொரு காம்பு சேரும். இருகை, மூணுகை, நாலுகை. நாலுகை ஆன பிறகுதான் சிவப்பாகப் பழம் வைக்கும். பழம் உதிர்ந்தால் கைகள் வாடிப் போகும், வேர் மட்டும் மண்ணுக்குள் இருந்துகொண்டு அடுத்த மழைக்கு மறுபடி கைகளை நீட்டும். கழுத்துப் பிடிப்புக்கும் இடுப்பு வலிக்கும் அந்த வேர் கைகண்ட மருந்து. அதைத் தோண்டித் தோண்டியே கழுத்துப் பிடிப்பு வந்த குனிஞ்சக்கா, அதில் ஒரு துண்டைக்கூட வாயில் போட்டதில்லை. “விக்கிற சரக்கைத் தின்னா விளங்குமா?”

இந்தத் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. நல்ல செடி ஒன்று கண்ணில் படுகிறது, இன்றைக்கு எடுக்க மனமில்லை, அடுத்தவரை எடுக்க விடவும் மனமில்லை. அப்போது பழம் முற்றிய செடியின் கைகளை மட்டும் கிள்ளிவிட்டு மேலே சருகைப் பரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அங்கே செடியே இல்லை. வேருக்கு ஒன்றும் ஆகாது, மறு வருடம் அதே இடத்தில் எழுந்து நிற்கும். இதற்குப் பெயர் கை மடக்குவது. குனிஞ்சக்காவுக்கு இது அறவே ஆகாது. “கையாலாகாதவங்கதான் கை மடக்குவாங்க” என்று பொதுவாகச் சொல்வார். பொதுவாகச் சொல்லும்போது பார்வை மட்டும் தன் நாத்தனாரின் செருப்பின் மேல் இருக்கும்.

நாத்தனார் தையல்காரரின் தங்கை. அவரும் தோண்டுபவர்தான், ஆனால் நிமிர்ந்த நடை. கொட்டகையில் தராசுக்கு மேலே, பரணில், ஒரு கண்ணாடிச் சாடி இருக்கிறது. இதுவரை வந்த வேர்களில் பெரியது எதுவோ அது அதற்குள் வைக்கப்படும். நான்கு வருடமாக அதில் இருப்பது நாத்தனார் கொண்டுவந்த ஐந்துகை வேர். ஒரு குழந்தையின் முழங்கை அளவு. குனிஞ்சக்கா கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் அந்தச் சாடி இல்லாததுபோலவே நடந்துகொள்வார். அப்படி நடந்துகொள்ள முடியாதபடி நாத்தனாரும் பார்த்துக்கொள்வார்.

“தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க அண்ணி. மேல இருக்கு பாருங்க.”

“தெரியும். வீட்டுல ஊறுகாய் ஜாடிகூட இப்படித்தான் மேல வச்சிருக்கேன்.”

ஒரு காலத்தில் அந்தச் சரிவில் யார் வேண்டுமானாலும் மண்வெட்டியோடு ஏறலாம். ஏறினார்கள். சின்னது பெரியது பார்க்காமல் வாரினார்கள். சில வருடங்களில் சரிவு மொட்டையானது. அந்த மொட்டையில் தன் பங்கு கணிசமானது என்பதைக் குனிஞ்சக்கா எப்போதும் பெருமையோடு ஒப்புக்கொள்வார். பிறகு வன அலுவலகம் மலையைப் பூட்டியது. மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது பன்னிரண்டு பேருக்கு மட்டும் அட்டை கொடுத்தது. ஆளுக்கொரு பங்கு, எல்லையில் வண்ணம் அடித்த கற்கள். குனிஞ்சக்காவின் பங்குக்கு அடுத்த பங்கு நாத்தனாருடையது. அலுவலகத்துக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அட்டையின் பின்பக்கம் விதிகள் அச்சாகியிருந்தன. நாலுகைக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது. பழம் சிவந்த பிறகே தோண்ட வேண்டும். தோண்டிய குழியிலேயே அந்தச் செடியின் விதைகளை ‘ஒரு கட்டைவிரல் ஆழத்தில்’ ஊன்ற வேண்டும். விதை ஒரு வருடம் முழுக்கத் தூங்கி, அதற்கடுத்த வருடம்தான் முளைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மழைக்குப் பிறகு அலுவலகத்திலிருந்து வந்து ஒவ்வொரு பங்கிலும் எத்தனை ஒருகை முளைத்திருக்கிறது என்று எண்ணுவார்கள். சேர்ந்தாற்போல் மூன்று முறை ஒன்றுமே இல்லையென்றால் அட்டை பறிபோகும். பங்கு பக்கத்துப் பங்கோடு சேர்க்கப்படும்.

பக்கத்துப் பங்கு யாருடையது என்று மேலே சொல்லிவிட்டேன்.

முதல் எண்ணிக்கையில் பதினோரு பேருக்கும் முப்பது, நாற்பது என்று இருந்தது. குனிஞ்சக்காவுக்குச் சுழி. மறு வருடம் நாற்பது, ஐம்பது. குனிஞ்சக்காவுக்கு மறுபடி சுழி. விதையை வெளியாட்களுக்கு விற்றுவிடுகிறார் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “நான் பிடுங்குவேன். திருட மாட்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்ட எனக்கென்ன பேச்சு?” என்று முடித்துவிட்டார். அவரைக் குத்தியது நாத்தனாரின் ஆதரவுதான்.

“எங்க அண்ணி அப்படிப்பட்டவங்க இல்லைங்க” என்று நாத்தனார் கொட்டகையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “விதைச்சுத்தான் இருப்பாங்க. ஆனா கைராசின்னு ஒண்ணு இருக்கே. அது எல்லாருக்குமா அமையுது?”

அன்று வீட்டுக்கு வந்த குனிஞ்சக்கா தன் வலது கையைத் தையல் மிஷின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏங்க, பிடுங்கறதுக்கு ராசி இருந்து, வைக்கறதுக்கு ராசி இல்லாத கைன்னு ஒண்ணு இருக்குமா?”

தையல்காரர் யோசித்துப் பதில் சொல்கிறவர். “கத்தரிக்கோல் இருக்கே. நல்லா வெட்டும். தைக்காது.”

அன்று தையல்காரர் தன் தட்டைத் தானே கழுவினார்.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த முறை தபால்காரர் பழைய செருப்போடு வந்தார். நேரில் வந்து விளக்கம் தரவும் என்றிருந்தது. இருவரும் போனார்கள். வன அலுவலர் முப்பதைத் தாண்டாத பெண். காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆசையோடு வேலைக்கு வந்து, காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். மேசையோரம் ஒரு பூந்தொட்டி. நடந்ததைத் தையல்காரர் என்னிடம் மூன்று சட்டைகளுக்கு அளவெடுக்கும் நேரத்தில் சொல்லி முடித்தார். ஒரு சட்டைக்கு அளவெடுக்கத்தான் நான் போயிருந்தேன்.

“ரெண்டு வருஷமா சுழிம்மா. இன்னொரு தடவை வந்தா என் கையில ஒண்ணுமில்ல.”

“விதைச்சேன் மேடம். ஒண்ணு விடாம விதைச்சேன்.”

“விதைச்சா முளைக்கணுமே?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

“சரி, எப்படி விதைச்சீங்க? இந்தத் தொட்டியில காட்டுங்க.”

விதைக்கு எங்கே போவது? தையல்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துக் கொடுத்தார். குனிஞ்சக்கா அதை மண்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

அந்தக் கட்டைவிரலைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வேரைச் சுற்றிக் கம்பால் தோண்டினாலும், கடைசி மண்ணை விலக்குவது விரலால்தான். முப்பது வருடம் அந்த வேலையைச் செய்த விரல் அது. நீளத்திலும் சரி பருமனிலும் சரி, மற்ற நான்கு விரல்களுக்கும் அது உறவு என்று சொன்னால் நம்புவது கடினம். அந்த விரல் மண்ணுக்குள் நகம்வரை போனது, கணுவரை போனது, அதையும் தாண்டி உள்ளங்கை தொட்டி விளிம்பில் முட்டும்வரை போனது. குனிஞ்சக்கா அதை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார். அந்தப் பொத்தான் இன்றைக்கும் அந்தத் தொட்டிக்குள்தான் இருக்கிறது.

அலுவலர் எழுந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “எதுக்கும்மா இவ்வளவு ஆழம்?”

“அட்டையில அப்படித்தானே போட்டிருக்கீங்க? ஒரு கட்டைவிரல். அரைன்னு போட்டிருந்தா அரை வச்சிருப்பேன்.”

அப்போதுதான் தையல்காரரின் கை தானாகக் கழுத்து நாடாவுக்குப் போனது. மனைவியின் விரலை அளந்தார். “மூணேகால் இஞ்ச்.” பிறகு, “மேடம், தப்பா நினைக்காதீங்க, உங்களோடதைக் கொஞ்சம் நீட்டுங்க.” அலுவலர் நீட்டினார். “ரெண்டேகால்.” கதவோரம் நின்ற பியூன் யாரும் கேட்காமலேயே தன் விரலை நீட்டினார். “ரெண்டு. சார் கொஞ்சம் குட்டை.”

“என்னங்க இது?” என்று பியூன் முகம் சிவந்தார்.

“விரலைச் சொன்னேங்க.” தையல்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு அலுவலர் பக்கம் திரும்பினார். “மேடம், என் கடைக்கு வந்து ஒரு முழம் துணி கொடுன்னு கேட்டா நான் கொடுக்கவே மாட்டேன். யார் முழம்னு சண்டை வரும். அதுக்குத்தான் நாடா. ஒரு கட்டைவிரல்னா யாரோட கட்டைவிரல்?”

அரசாங்கம் அந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. கோப்பு வரவழைக்கப்பட்டது. கையெழுத்துப் பிரதியில் ‘கட்டைவிரலின் முதல் கணு ஆழம்’ என்று இருந்ததும், தட்டச்சில் கணு கழன்று விழுந்துவிட்டதும் தெரியவந்தது. அப்படியானால் மற்ற பதினோரு பேருக்கும் எப்படி முளைத்தது? விசாரித்துப் பார்த்தார்கள். முழு விரலையும் அழுத்த யாருக்கும் பொறுமை இல்லை. இடுப்பு வலிக்கிறது என்று எல்லாருமே முதல் கணுவோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஆக, பதினோரு பேரின் சோம்பலால் மலை பிழைத்தது. விதியை எழுத்துக்கு எழுத்து மதித்த ஒரே மனுஷிக்குச் சுழி. நாட்டின் நிர்வாகம் குறித்து இதற்கு மேல் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

திருத்தம் உடனே வந்தது. ‘கட்டைவிரல் என்பது அதன் முதல் கணுவையே குறிக்கும் எனத் தெளிவுபடுத்தப்படுகிறது.’ ஆனால் விழுந்த சுழி விழுந்ததுதான், அதை அழிக்கும் ரப்பர் அலுவலகத்தில் இல்லை. அடுத்த வருட எண்ணிக்கைக்கு முளைக்க வேண்டிய விதைகளோ, போன பருவத்திலேயே ஊன்றியவை. மூணேகால் இஞ்ச் ஆழத்தில் தூங்கிக்கொண்டிருந்தன.

“தூங்கறதை எழுப்பி மேல படுக்க வைக்கலாமா மேடம்?” என்று கேட்டார் குனிஞ்சக்கா.

“வைக்கலாம். தடையொண்ணும் இல்ல. ஆனா பத்தொன்பது குழிம்மா. மூடி, மேல சருகு விழுந்து கிடக்கும். எது எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

தையல்காரர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். “மேடம், இவளுக்கு மனுஷங்க மூஞ்சிதான் தெரியாது.”

மறுநாளே ஏறினார். கணவர் அவருடைய கட்டைவிரலின் முதல் கணுவில் சிவப்பு நூலால் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பினார். பழக்கதோஷத்தில் விரல் உள்ளே போய்விடக் கூடாதே என்று. வலைத்துணியில் மிச்சம் விழுந்த துண்டுகளையும் கொடுத்தனுப்பினார். அதில் மண்ணை அள்ளிச் சலித்து, ஒவ்வொரு விதையாகப் பொறுக்கி, குழியை நிரப்பி, நூல்வரை அழுத்தி மறுபடி ஊன்ற வேண்டும். ஒன்பது நாள். நடுவில் இரண்டு நாள் மழை. குனிஞ்சக்கா கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு சலித்தார். இரண்டு குழிகளில் எலி முந்திக்கொண்டிருந்தது. அந்த இரண்டு எலிகளையும் அவர் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது. பத்தொன்பது குழிகளையும் ஒரு முறைகூடத் தப்பாகத் தோண்டாமல் கண்டுபிடித்தார்.

மண்ணிலிருந்து எடுத்ததை மறுபடி மண்ணிலேயே வைப்பது அவருடைய தொழில் வாழ்க்கையில் அதுவே முதல்முறை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணி, பிடுங்கறதுக்குச் செடி தீர்ந்துபோச்சா? வச்சதையே பிடுங்கறீங்க?”

“உன் வாயையும் முதல் கணுவோட நிறுத்திக்கோ.”

பிறகு ஒரு வருடம். விதை தூங்கும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை, தண்ணீர்கூட ஊற்றத் தேவையில்லை. ஆனாலும் குனிஞ்சக்கா வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். “மண்ணை” என்றார். கடையில் யாராவது கைராசி என்ற வார்த்தையை எடுத்தால் மாடிக்கு எழுந்து போய்விடுவார். சிவப்பு நூலை மட்டும் கழற்றவில்லை. அது சாயம் போய், அழுக்காகி, விரலோடு விரலாக ஆகிவிட்டிருந்தது.

மழை முடிந்து எண்ணுகிற நாள் வந்தது. ஒவ்வொரு ஒருகைக்குப் பக்கத்திலும் ஒரு தீக்குச்சி ஊன்றி, கடைசியில் குச்சிகளை எண்ணுவது அலுவலக வழக்கம். சாட்சிக்குப் பக்கத்துப் பங்குக்காரர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நாத்தனாரும் வந்து நின்றார், நிமிர்ந்து. இந்தப் பங்குக்கு என்று அலுவலர் ஒரே ஒரு தீப்பெட்டிதான் கொண்டுவந்திருந்தார். அதுவே அதிகம் என்று அவர் நினைத்திருக்கலாம், குற்றமில்லை.

முதல் குழியில் நான்கு. இரண்டாவதில் ஒன்றுமில்லை. குனிஞ்சக்கா மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாரோ என்று தையல்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவதில் ஆறு. மேல் வளைவை அடைவதற்குள் தீப்பெட்டி காலி. அலுவலர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவ்வளவு பேரில் இடுப்பில் தீப்பெட்டி வைத்திருந்தவர் நாத்தனார் ஒருவர்தான். அவர் அதை எடுத்து நீட்ட எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு பங்கையே எண்ணி முடித்திருக்கலாம்.

அறுபத்து நான்கு. நாத்தனாரின் பங்கில் அந்த வருடம் ஐம்பத்தெட்டு.

“கைராசிதான் அண்ணி உங்களுக்கு” என்றார் நாத்தனார், வேறு வழியில்லாமல்.

குனிஞ்சக்கா அழுக்கு நூல் கட்டிய விரலை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். “ராசியெல்லாம் ஒண்ணுமில்ல. கணு.”

அலுவலர் அட்டையில் முத்திரை வைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம்.

“நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா இந்த அறுபத்து நாலும் பழம் வைக்க எட்டு வருஷம் ஆகும்மா. பெரிய செடி உங்க பங்குல இன்னும் அஞ்சோ ஆறோதான் கண்ணுல பட்டுச்சு. அதுக்கப்புறம் விதைக்கு எங்க போவீங்க?”

“செடியை எடுத்தா விதையும் கூடவே வருதே மேடம்.”

“எடுத்தா ஒரு தடவை வரும். விட்டா வருஷா வருஷம் வரும். நடுவுல மூணு வருஷம் முளைக்கலைன்னா மறுபடி இதே பஞ்சாயத்துதான்.”

“விடறதுக்கு வேற ஆளைப் பாருங்க மேடம்” என்றார் குனிஞ்சக்கா. “என்னைப் பத்திச் செவுத்துலயே எழுதியிருக்கு.”

பழம் சிவக்கும் பருவத்தில், என் சட்டை ஐந்தாவது முறையாக ‘நாளைக்கு’ என்று தள்ளிப்போன ஒரு காலையில், நானும் அவரோடு சரிவுக்குப் போனேன். என்னை அவர் அழைப்பது ‘வார் தைச்ச செருப்பு சார்’ என்று. முன்னால் அவர், பின்னால் நான். கையில் தோண்டும் கம்பு, தோளில் பை. அனுமதிக்கப்பட்ட நாலுகை இரண்டை எடுத்தார், குழியிலேயே விதைகளை ஊன்றினார். எல்லாம் முறைப்படி. முளைத்து நின்ற ஒருகைகளுக்கு நடுவே கால் வைக்கும்போது மட்டும், தூங்குகிற குழந்தைகளைத் தாண்டிப் போகிறவர் மாதிரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேல் வளைவில் வருடக்கணக்காக விழுந்து கிடந்த ஒரு மரம், எண்ணிக்கைக்குப் பிறகு பெய்த ஒரு மழையில் உருண்டு கீழே போயிருந்தது. அது இத்தனை நாள் மறைத்திருந்த இடத்தில் ஒரு முட்புதர். குனிஞ்சக்கா அங்கே நின்றார். நானும் நின்றேன். அவர் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தில் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

ஆறுகை. நடுவில் கைப்பிடி அளவு சிவப்புப் பழங்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று தோண்டுபவர்கள் பேசிக்கொள்வார்கள், பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. குனிஞ்சக்கா மண்டியிட்டு, விரலால் கழுத்து மண்ணை விலக்கினார். வருடத்துக்கு ஒரு தழும்பு வீதம் வேரின் கழுத்தில் பதிந்திருக்கும், நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணலாம். எண்ணினார். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார். வேரின் தோள் மட்டும் தெரிந்தது. அந்தத் தோளே கொட்டகைச் சாடிக்குள் நுழையுமா என்பது சந்தேகம்.

“சாடியை மாத்தணும்” என்றார் என்னிடம். கம்பைக் கையில் எடுத்தார். மண்ணில் ஒரு குத்துக் குத்தினார். அடுத்த குத்து விழவில்லை.

கீழே அறுபத்து நான்கு ஒருகைகளும் ஆளுக்கொரு கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். சரிவுக்குக் கீழே, எல்லைக் கல் பக்கம், நாத்தனாரின் இருமல் கேட்டது. ஏறி வந்துகொண்டிருந்தார்.

குனிஞ்சக்கா கம்பைக் கீழே போட்டார். விலக்கிய மண்ணை இரண்டு கையாலும் தள்ளி வேரின் கழுத்தை மூடித் தட்டினார். பழங்களைப் பறித்துப் பிதுக்கி, விதைகளை உள்ளங்கையில் சேர்த்து, செடியைச் சுற்றி ஓரடிக்கு ஒன்றாக ஊன்றிக்கொண்டே வந்தார். அந்த வயதில் அந்த உடம்பு அவ்வளவு வேகமாக வட்டமடித்து நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு கையைக் கிள்ளினார். இன்னொன்று. ஆறு முறை மெல்லிய சத்தம் கேட்டது. கிள்ளிய கைகளை மடித்துப் பையின் அடியில் திணித்தார். மேலே சருகை இழுத்துப் பரப்பி, இடப்பக்கம் கொஞ்சம் அதிகம் என்று பட்டதோ என்னவோ, ஒரு பிடி அள்ளி வலப்பக்கம் போட்டார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, என் முகத்தை நேராகப் பார்த்தார். எங்கள் பழக்கத்தில் அதுவே முதல்முறை. நான் புரிந்துகொண்டு தலையசைத்தேன்.

நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

“என்ன அண்ணி, ரொம்ப நேரமா இங்கயே இருக்கீங்க? ஏதாவது பெருசா மாட்டுச்சா?”

“ஒண்ணுமில்ல. செருப்பு வார் அறுந்துபோச்சு.”

நாத்தனார் குனிஞ்சக்காவின் செருப்பைப் பார்த்தார். வார் அறுந்ததாகத் தெரியவில்லை. “கையைக் காட்டுங்க பார்ப்போம்.”

குனிஞ்சக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். காலி. வலது கட்டைவிரலில் மட்டும் ஈரமண் ஒட்டியிருந்தது, நூல்வரை.